தச்சர் வீட்டுக் கடிகாரம்

ஜான் ஹாரிசன் என்ற பெயரைக் கேட்டதும் நமக்குக் கடலும் கப்பலுமே நினைவுக்கு வருகின்றன. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய உதவிய கடிகாரத்தைச் செய்தவர், அதற்கான பரிசுப் பணத்துக்காக வானியல் அறிஞர்களோடும் அரசோடும் முதுமை வரை மல்லுக்கட்டியவர் என்ற அளவில் அவருடைய கதை பலராலும் சொல்லப்பட்டுவிட்டது. 1995இல் டாவா சோபெல் எழுதிய ‘லாங்கிட்யூட்’ என்னும் நூல் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. நாம் இங்கே பேச எண்ணுவது கடலுக்கு முந்தைய ஹாரிசனைப் பற்றி. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில், ஹம்பர் கழிமுகத்தை ஒட்டியுள்ள பாரோ என்ற சிற்றூரில், தச்சரின் மகனான ஓர் இளைஞர் தாமே ஓர் ஆளுயரக் கடிகாரத்தைச் செய்து முடித்தார். ஆண்டு 1713. அவருக்கு வயது 20. பேழை மட்டுமல்ல, உள்ளே சுழலும் சக்கரங்களும் அச்சுகளுமே மரம். முனைகள் போன்ற சில இடங்களில் மட்டும் எஃகும் பித்தளையும்.

அக்கடிகாரத்தின் உள்ளியந்திரம் இன்றும் இருக்கிறது. 1715இல் செய்தது ஒன்றும், 1717இல் செய்தது ஒன்றும் எஞ்சியுள்ளன. முதல் இரண்டும் லண்டனில் உள்ளன. மூன்றாவது யார்க்‌ஷயரில் நாஸ்டெல் என்ற பெருமாளிகையில். அந்த மாளிகைக்கு அருகேயுள்ள ஃபோல்பி என்ற ஊரில்தான் 1693இல் ஹாரிசன் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பாரோவுக்குப் பெயர்ந்துவிட்டது. எந்தக் கடிகாரக்காரரிடமும் அவர் தொழில் பயின்றதாகச் சான்று இல்லை.

ஒரு தச்சர் ஏன் மரத்தில் கடிகாரம் செய்தார் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் விடை, பித்தளை விலை அதிகம், மரம் கைக்கெட்டியது என்பதுதான். இவ்விடை பொய்யன்று. ஆனால் இதோடு நின்றுவிட்டால் மரத்தை ஏழையின் பித்தளையாக மட்டுமே பார்க்கப் பழகிவிடுவோம். ஹாரிசனின் பிற்காலச் சாதனைகளில் எதை எடுத்து அடியைத் தோண்டினாலும் அங்கே மரவேலை அறிந்த ஒருவரின் கண்ணும் விரலும் இருக்கின்றன என்பது நம் எண்ணம். அதைக் காண, இப்படிப்பட்ட கடிகாரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

‘தாத்தா கடிகாரம்’ என்ற செல்லப்பெயர் பிற்காலத்தது. 1876இல் ஹென்றி கிளே ஒர்க் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு பாட்டு அதைப் பரப்பியது. அதற்கு முன் அதன் பெயர் வெறுமனே நெடும்பேழைக் கடிகாரம். ஊசலின் ஆட்டத்தால் காலத்தை அளக்கும் கடிகாரத்தை ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1656இல் உருவாக்கினார். தொடக்ககால ஊசல்கள் குட்டையாய், அகல வீசி ஆடுபவை. 1670ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில், நங்கூர வடிவில் அமைந்த ஒரு தடுப்புறுப்பு வந்தது. அது வந்தபின் ஊசல் சில பாகைகளே அசைந்தால் போதும் என்றாயிற்று. குறுகிய வீச்சுடைய நீண்ட ஊசலை ஒடுங்கிய பெட்டிக்குள் தொங்கவிடலாம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ. அதற்குமேல் இயந்திரமும் முகப்பும், அதற்குக்கீழ் எடைக்குண்டு இறங்க இடமும் வேண்டும். ஆக, பேழை ஆளுயரமானது அலங்காரத்துக்காக அல்ல; புவியீர்ப்பு விதித்த உயரம் அது.

உள்ளேயுள்ள கணக்கு எளியது. எடைக்குண்டு சக்கரங்களை ஓடச் சொல்கிறது, ஊசலோ நின்று நின்று போகச் சொல்கிறது. இந்த இழுபறிக்கு நடுவே நிற்பது 30 பற்களுள்ள ஒரு சக்கரம். ஊசல் ஒருமுறை போய்வர ஒரு பல் நகரும். 60 விநாடியில் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும். நிமிட முள்ளைத் தாங்கும் அச்சு மணிக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே 60 மடங்கு வேறுபாடு. ஆங்கிலேயக் கடிகாரக்காரர்கள் 60 பற்சக்கரத்தை 8 பல்லுள்ள சிறுசக்கரத்தோடும், 56 பற்சக்கரத்தை 7 பல்லுள்ள சிறுசக்கரத்தோடும் கோத்து இதைச் சாதித்தார்கள். ஏழரை எட்டு அறுபது என்று வாய்பாடு தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். கடினம் கணக்கில் இல்லை. பல் ஒவ்வொன்றும் ஒரே அளவாய், ஒரே இடைவெளியில், மழையிலும் வெயிலிலும் அப்படியே இருக்க வேண்டுமே, அதில்தான் எல்லாக் கடினமும்.

மரம் அறுபட்ட பின்னும் அசைவதை நிறுத்துவதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், வறண்டால் சுருங்கும். நம் வீடுகளில் ஆடி வெயிலில் தாராளமாய்ச் சாத்திய கதவு ஐப்பசி மழையில் நிலையோடு கவ்விக்கொள்வதைப் பார்க்கிறோம் அல்லவா? ஆனால் கதவின் உயரம் மாறுவதில்லை, அகலம்தான் மாறுகிறது. இழையோடும் திசையில் மரம் ஏறக்குறைய நீள்வதே இல்லை. இழைக்குக் குறுக்கேதான் அதன் விளையாட்டெல்லாம். ஒற்றைப் பலகையில் வட்டமாய்ச் சக்கரம் வெட்டினால் மழைக்காலத்தில் அது முட்டை வடிவாகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. அச்சக்கரத்தில் சில பற்கள் இழை நெடுகிலும் அமையும், சில குறுக்கே அமையும். குறுக்கே அமைந்த பல் சிறு அழுத்தத்திலேயே பிளந்து உதிரும். இன்று வீட்டில் மரக்கடிகாரம் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் பலர் ஒட்டுப்பலகையை நாடுவது இதனால்தான். அடுக்கடுக்காய் இழையை மாற்றி ஒட்டிய பலகையில் எந்தப் பக்கமும் முழுக்க வலுவிழப்பதில்லை, முழுக்க உப்புவதும் இல்லை.

ஹாரிசனுக்கு ஒட்டுப்பலகை இல்லை. அவர் கண்ட வழி வேறு. சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் எடுத்து, தனியே வெட்டிய ஓக் துண்டுகளை அதில் பதித்தார். ஒவ்வொரு துண்டிலும் இழை மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும்படி வைத்தார். சூரியனைப் படம் வரையும் குழந்தை கதிர்களை இழுக்குமே, அப்படி. பல் எங்கே அமைந்தாலும் அதன் நீளவாக்கில் இழை ஓடும். எனவே பல் உடையாது. முந்நூறு ஆண்டு கடந்தும் அச்சக்கரங்கள் வடிவு குலையாமல் இருப்பதற்கு மூலகாரணம் இந்த ஏற்பாடு.

மரத்தைத் தேர்ந்ததிலும் தொழிலறிவு பேசுகிறது. மெதுவாய் வளர்ந்த மரமே உறுதி என்று பொதுவாக நம்புகிறோம். ஓக் மரத்தில் கதை தலைகீழ். ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்தகாலத்தில் உண்டாகும் பகுதி துளைகள் மிகுந்தது. பின்கோடையில் உண்டாகும் பகுதியே கெட்டியானது. வேகமாய் வளர்ந்த மரத்தில் இந்தக் கெட்டிப் பகுதியே அகலமாகிறது. ஆகவே அகன்ற வளையமுள்ள ஓக்கை ஹாரிசன் தேடி எடுத்தார். அச்சுகளுக்கு நெருங்கிய இழையுடைய பாக்ஸ்வுட் மரத்தைக் கடைசல் பிடித்தார். வைரம் பாய்ந்த கட்டை என்று நம் தச்சர்கள் தட்டிப் பார்த்துச் சொல்வதுபோல, புத்தகத்தில் எழுதிவைக்கப்படாத அறிவு இது. தாவர உயிரணுக்களைப் பற்றிய நூல்களைப் படித்துவிட்டு யாரும் இதற்கு வரவில்லை. உளி வழுக்கும் இடமும் சிக்கும் இடமும் சொல்லிக்கொடுத்த பாடம்.

நூலறிவை அவர் வேண்டாமென்றவரும் அல்லர். பாரோவுக்கு வந்த பாதிரியார் ஒருவர், கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் சாண்டர்சன் ஆற்றிய இயற்பியல் உரைகளின் கையெழுத்துப் படியைப் படிக்கக் கொடுத்தார். சாண்டர்சன் குழந்தையிலேயே அம்மை நோயால் பார்வை இழந்தவர். நியூட்டன் வகித்த பேராசிரியப் பதவிக்கு 1711இல் வந்தவர். பார்வையற்ற ஒருவரின் சொற்பொழிவைப் பள்ளிப்படிப்பு அதிகமில்லாத தச்சு இளைஞர் ஒருவர் படங்களோடு முழுக்கப் படியெடுத்தார். ஓரங்களில் தம் குறிப்புகளையும் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே வந்தார். ஏடு பார்த்து ஏடு எழுதிய நம் மரபை அறிந்தவர்களுக்கு, படியெடுத்தல் என்பது எத்தகைய படிப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

கடிகாரம் செய்தாகிவிட்டது, அது சரியாக ஓடுகிறது என்று எப்படி அறிவது? லண்டன்காரருக்கு இன்னொரு நல்ல கடிகாரம் இருக்கும். கிராமத்துக்காரருக்குச் சூரியன்தான். சூரியனோ நேரம் தவறும். சூரியக் கடிகாரம் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். இந்த வேறுபாட்டை நாள்வாரியாகக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தம் கையால் எழுதி, கடிகாரப் பேழைக் கதவின் உட்புறத்தில் ஹாரிசன் ஒட்டிவைத்தார். வாங்குபவர் கதவைத் திறந்து பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பின்னர் அவர் இதைவிட நுட்பமான அளவுகோலுக்குப் போனார். தம் வீட்டுச் சன்னல் விளிம்பு ஒரு புள்ளி, அண்டைவீட்டுப் புகைபோக்கி மறுபுள்ளி. இரண்டையும் சேர்த்துக் கண்வைத்தால், ஒரு விண்மீன் அப்புகைபோக்கிக்குப் பின்னே மறையும் கணம் தெரியும். மறுநாளிரவு அதே விண்மீன் 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக மறைய வேண்டும். மறையாவிட்டால் பிழை கடிகாரத்தில். கிரீனிச் வானாய்வகத்தின் கருவிகளுக்கு அரசு செலவிட்டது. பாரோவில் அந்தச் செலவு ஒரு செங்கல் புகைபோக்கி, அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

1722ஐ ஒட்டி, அருகிலிருந்த பிராக்கில்ஸ்பி பண்ணையின் உரிமையாளர் சார்லஸ் பெலம் தம் குதிரை லாயத்துக் கோபுரத்துக்கு ஒரு கடிகாரம் வேண்டினார். கோபுரக் கடிகாரத்தின் தீராத நோய் எண்ணெய். அக்கால எண்ணெய்கள் விலங்குக் கொழுப்பிலிருந்தோ தாவரங்களிலிருந்தோ வந்தவை. குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாய்ப் பிடிக்கும். எல்லாரும் நல்ல எண்ணெய் தேடிக்கொண்டிருந்தபோது ஹாரிசன் எண்ணெயே தேவையில்லாத மரத்தைத் தேடினார். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த லிக்னம் வைட்டே என்ற மரம் அது. நீரில் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. அதன் உடம்பிலிருந்தே ஒருவகை நெய்ப்பு கசிந்துகொண்டிருக்கும். உராயும் இடங்களிலெல்லாம் இம்மரத்தை வைத்தார். பிராக்கில்ஸ்பி கடிகாரம் எண்ணெய் இல்லாமல் இன்றும் ஓடுகிறது. பித்தளையை மட்டுமே அறிந்த ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியிருக்க வாய்ப்பில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்த சில ஆண்டுகளில், 1725க்கும் 1728க்கும் இடையே, தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து அவர் செய்த நெடும்பேழைக் கடிகாரங்கள்தாம் உண்மையில் வியப்புக்குரியவை. சக்கரங்கள் அப்போதும் ஓக் மரந்தான். வெப்பத்தோடு நடந்த சண்டை இங்கே முடிவுக்கு வருகிறது. விநாடி ஊசல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கடிகாரம் நாளுக்கு 43 விநாடி பின்தங்கும். எஃகுத் தண்டில் தொங்கும் ஊசல் 10 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். அதன் விலை நாளுக்கு 5 விநாடி. பித்தளை எஃகைவிட மிகுதியாக விரிவது. இந்தக் குறையையே ஹாரிசன் மருந்தாக்கினார். 5 எஃகுக் கம்பிகளையும் 4 பித்தளைக் கம்பிகளையும் மாற்றிமாற்றி அடுக்கி, எஃகு கீழ்நோக்கி விரியும்போது பித்தளை அதே அளவு மேல்நோக்கித் தூக்கும்படி இணைத்தார். ஊசலின் அடிக்குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். பார்ப்பதற்கு இறைச்சி வாட்டும் இரும்புச் சட்டம்போல இருந்ததால் அதற்கு அப்பெயரே நிலைத்தது. ஊசலுக்கு உந்துதல் தரும் உறுப்பையும் மாற்றினார். வழக்கமான உறுப்பு பல்லின்மேல் சறுக்கும், சறுக்குமிடத்தில் எண்ணெய் கேட்கும். ஹாரிசனுடையது சறுக்காது, பல்லைத் தொட்டு, வெட்டுக்கிளிக் கால்போல எகிறி விலகும். எகிறும் அக்கால்களும் மரத்தால் ஆனவை. இக்கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு விநாடிக்குமேல் பிழைப்பதில்லை என்று 1730இல் அவர் எழுதினார். அக்காலத்தின் மிகச்சிறந்த கடிகாரங்கள் இதற்கு அருகில்கூட வரவில்லை.

இந்தக் கம்பியூசல் நம் ஊருக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் சென்னை எழும்பூரில் சொந்த வானாய்வகம் ஒன்றை அமைத்தார். கூட்டூசல் கடிகாரங்கள் இரண்டு அங்கே இருந்தன; அவற்றுள் ஒன்று லண்டன் ஜான் ஷெல்டன் செய்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்துக்கு அவை சென்றன. ஷெல்டன் கடிகாரம் பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்துக்கு மலையேறியது. ஒரு கிராமத்துத் தச்சரின் யோசனை அறுபது ஆண்டுகளுக்குள் கடல்கடந்து சென்னையின் விண்மீன்களை அளந்திருக்கிறது.

இதன்பின் வரும் கதை பலரும் அறிந்தது, விரைந்து கடந்துவிடலாம். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்த 20,000 பவுண்டு பரிசு, 1730இல் ஹாரிசனின் லண்டன் பயணம், அங்கே ஜார்ஜ் கிரஹாம் என்ற புகழ்பெற்ற கடிகாரக்காரர் கொடுத்த கடனுதவி. 1735இல் முடிந்த முதல் கடற்கடிகாரத்திலும் பெருஞ்சக்கரங்கள் ஓக் மரம் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மரம் அங்கேதான் விடைபெறுகிறது. இரண்டாவதிலிருந்து பித்தளை. 1759இல் முடிந்த நான்காவது, உள்ளங்கையை நிறைக்கும் பெரிய கைக்கடிகை. ஜமைக்காப் பயணத்தில் 81 நாளில் 5 விநாடி அளவே பிந்தியது. பரிசுத்தொகையில் 10,000 பவுண்டு 1765இல், மேலும் 8,750 பவுண்டு 1773இல். அப்போது அவருக்கு வயது 80.

நம் போன்ற மொழிக்காரர்களுக்கு உறுத்தலான ஓர் இடம் இதற்கடுத்து வருகிறது. 1775இல் ஹாரிசன் தம் கொள்கைகளை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் முதல் வாக்கியம் கிட்டத்தட்ட நிறுத்தற்குறியே இல்லாமல் 25 பக்கம் ஓடுகிறது என்கிறார் சோபெல். படித்தவர்கள் சிரித்தார்கள். லண்டன் இதழொன்றின் மதிப்புரை, பித்துப்பிடித்தவர் எழுத்து என்று சொல்லாத குறையாய்ச் சொன்னது. அந்நூலில், தம் முறைப்படி செய்த ஊசற்கடிகாரம் 100 நாளில் ஒரு விநாடிக்குமேல் பிழைக்காது என்று அவர் எழுதியிருந்தார். ஊசலுக்குக் கனத்த குண்டும் குறுகிய வீச்சும் என்று மற்றவர்கள் ஒரு திசையில் போக, இவர் அகன்ற வீச்சை வற்புறுத்தினார். 1776இல் இறந்தார். அந்தக் கூற்று இருநூறு ஆண்டு கிழவரின் பிதற்றலாகவே கிடந்தது.

1970களில் மார்ட்டின் பர்ஜெஸ் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் அப்பிதற்றலை நம்பி வேலையில் இறங்கினார். இக்காலத்து உலோகங்களைக் கொண்டு, ஆனால் ஹாரிசன் சொன்ன முறைகளைப் பின்பற்றி இரு கடிகாரங்களை அமைத்தார். அவற்றுள் இரண்டாவதைப் பிறர் முடித்துத் தர, கிரீனிச்சில் முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்து 100 நாள் சோதித்தார்கள். 2015 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. பிழை ஒரு விநாடியின் எட்டில் ஐந்து பங்கு. வெற்றிடத்தில் அல்லாமல் திறந்த காற்றில் ஆடும் ஊசற்கடிகாரங்களில் மிகத் துல்லியமானது என்று கின்னஸ் பதிவும் கிடைத்தது. எழுதத் தெரியாதவருக்குத் தெரியவும் தெரியாது என்ற முடிவுக்கு நம் கல்விக்கூடங்கள் எவ்வளவு எளிதாக வந்துவிடுகின்றன! விடைத்தாள் திருத்தும் கைகள் ஒருகணம் தயங்கட்டும் என்பதற்காகவே இதைச் சற்று நீட்டிச் சொன்னோம்.

மரக்கடிகாரம் என்றாலே மலிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதில் அமெரிக்காவுக்குப் பெரும்பங்கு உண்டு. கனெக்டிகட் மாநிலத்து எலி டெர்ரி, 4,000 மர இயந்திரங்களை ஒன்று 4 டாலர் வீதம் மூன்றாண்டில் செய்துதர 1807ஐ ஒட்டி ஒப்புக்கொண்டார். முதலாண்டு முழுக்க, நீர்விசையால் ஓடும் அறுவை இயந்திரங்களை அமைப்பதிலேயே கழிந்தது. பிறகு சக்கரங்கள் மளமளவென்று உதிர்ந்தன. வசதியுள்ளவர்கள் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு பேழை செய்து அதற்குள் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் வீட்டில் அது வெறுஞ்சுவரில், எடையும் ஊசலும் வெளியே தெரியத் தொங்கியது. ஏழைக் குடியானவர் வீட்டுக்குள் மணி காட்டும் பொருள் முதன்முதலாக நுழைந்தது இப்படித்தான். டெர்ரியைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் அவருடைய மரம் அடுத்தடுத்து வெட்டப்பட்ட மரம், ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்த மரமன்று. கப்பலேற்றினால் கடல் ஈரத்தில் இத்தகைய சக்கரங்கள் உப்பி நின்றுவிடும். 1830களின் இறுதியில் தகட்டுப் பித்தளை மலிந்ததும் மரம் போயிற்று, மலிவு என்ற பெயர் மட்டும் தங்கிற்று.

டெர்ரிக்கு அரை நூற்றாண்டு முன்பு அதே அமெரிக்காவில் இன்னொரு மரக்கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. அதைச் செய்தவர் பெஞ்சமின் பானெக்கர். 1731இல் மேரிலாந்தில் பிறந்தவர். தந்தை அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர். படாப்ஸ்கோ ஆற்றங்கரை அருகே 100 ஏக்கர் நிலம் வாங்கிப் புகையிலை பயிரிட்டவர். மகனுக்கு 21, 22 வயதிருக்கும்போது, 1753ஐ ஒட்டி, ஒரு சட்டைப்பைக் கடிகாரம் இரவலாகக் கிடைத்தது. பிரித்துப் பார்த்தார், வரைந்துகொண்டார், திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் பெரிதாக்கிக் கணக்கிட்டுக் கத்தியால் மரத்தில் செதுக்கினார். சிறுபொருளில் உள்ள பல்வரிசையைப் பெரும்பொருளுக்கு மாற்றுவது வெறும் நகலெடுப்பன்று. விகிதங்கள் புரிந்திருந்தால்தான் முடியும். அவர் கடிகாரம் மணியும் அடித்தது. அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள்.

ஹாரிசனுக்குச் சாண்டர்சனின் உரைகள் கிடைத்தது போல, பானெக்கருக்கு ஐம்பது வயது கடந்தபின் எல்லிகட் என்ற அண்டை ஆலைக் குடும்பத்தாரிடமிருந்து வானியல் நூல்களும் தொலைநோக்கியும் கிடைத்தன. தாமே கற்றுக் கிரகணங்களைக் கணித்தார். 1791இல் அமெரிக்காவின் புதிய தலைநகருக்கான நிலத்தை ஆண்ட்ரூ எல்லிகட் அளந்தபோது, வானாய்வுக் கூடாரத்திலிருந்த துல்லியக் கடிகாரத்தைக் காத்துவரும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, தாம் கணித்த 1792ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியுடன் தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனத்தில் எழுதிய நீங்களே அடிமைகளை வைத்திருக்கிறீர்களே என்று அதில் நேர்முகமாகக் கேட்டார். ஜெஃபர்சன் பதினொரு நாளில் பணிவாகப் பதில் எழுதினார். பஞ்சாங்கத்தைப் பாரிசுக்கு அனுப்பியதாகவும் சொன்னார். ஆனால் 1809இல், பானெக்கர் இறந்தபின், நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கணக்குகளுக்கு எல்லிகட்டின் உதவி இருந்திருக்கும் என்ற ஐயத்தைக் கிளப்பி, அவர் அறிவு சாதாரணமானது என்றார்.

எல்லிகட்டுகள் அப்பள்ளத்தாக்குக்குக் குடிவந்தது 1770களின் தொடக்கத்தில். அப்போது மரக்கடிகாரம் ஏறக்குறைய இருபதாண்டு ஓடியிருந்தது. உதவி என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லாத காலத்தில் செய்த பொருள் அது. ஜெஃபர்சனின் ஐயத்துக்கு முன் எடுத்துவைக்க அதைவிட நல்ல சான்று வேறில்லை.

பானெக்கர் 1806 அக்டோபரில் இறந்தார். அவருடைய மேசையும் கையெழுத்து ஏடும் சில நூல்களும் அவர் விருப்பப்படி எல்லிகட் வீட்டுக்கு உடனே கொண்டுசெல்லப்பட்டன. அவை பிழைத்தன. இரண்டு நாள் கழித்து, சுற்றத்தார் அடக்கத்துக்காகக் குழிமேட்டில் நின்றுகொண்டிருந்த வேளையில், மரத்தாலான அவருடைய சிறுவீட்டில் தீப்பற்றியது. கடிகாரம் உள்ளே இருந்தது.